மேனேஜரைப் பிடிக்கவில்லை, கான்ட்ராக்ட் வேலை கூப்பிடுகிறது: ராஜினாமா செய்யலாமா?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் நாலு வருடம் மூன்று மாதமாக வேலை பார்க்கிறேன். நிரந்தர வேலை. பி.எஃப். பிடித்தம் போக 28,000 ரூபாய் கையில் வருகிறது, அடிப்படைச் சம்பளம் 15,000. ஆனால் மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்துவார், ஒரே ரிப்போர்ட்டை மூன்று தடவை போடச் சொல்வார். ஞாயிறு சாயங்காலமே எனக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடுகிறது. இப்போது ஒரு ஏஜென்சி மூலமாக அரசு அலுவலகம் ஒன்றில் 11 மாத கான்ட்ராக்ட், 34,000 சம்பளம் என்று வந்திருக்கிறது. இரண்டு வருடத்தில் பெர்மனென்ட் ஆக்கிவிடுவார்கள் என்கிறார் ஏஜென்சிக்காரர். 40,000 ரூபாய் டெபாசிட் கேட்கிறார். பணம் இன்னும் கொடுக்கவில்லை, அசல் சான்றிதழ்களை மட்டும் சரிபார்க்க வேண்டும் என்றதால் கொடுத்திருக்கிறேன். போகலாமா?

பதில்: போகாதீர்கள். பிடிக்காத வேலையிலேயே காலம் முழுக்கக் கிடங்கள் என்று சொல்லவில்லை, அதை விட்டு வெளியே வரத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கதவு வழியாக வேண்டாம், இந்த மாதமும் வேண்டாம்.

முதலில் அந்த 34,000-ஐப் பார்ப்போம். ஏஜென்சிக்காரர்கள் வாயால் சொல்லும் தொகை பெரும்பாலும் அந்த அலுவலகம் ஒரு ஆளுக்காக அவர்களுக்குக் கொடுக்கும் தொகை, உங்கள் கைக்கு வருவது அல்ல. சட்டப்படி பி.எஃப்.பில் தொழிலாளி பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம். 15,000 ரூபாய் வரம்பில் கணக்குப் போட்டால் தலைக்கு 1,800. இந்த இரண்டையும் உங்கள் 34,000-க்குள்ளேயே அடக்கிவிட்டால் 3,600 போய் 30,400 மிஞ்சும். இப்போது வாங்குவதைவிட மாதம் 2,400 கூடுதல், 11 மாதத்துக்கு 26,400. நீங்கள் கொடுக்கப்போகும் டெபாசிட்டோ 40,000. அது திரும்பி வராவிட்டால், ஒப்பந்தம் முடிகிற நாளில் கையிலிருந்து 13,600 போட்டு வேலை பார்த்திருப்பீர்கள். வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்று ஒரு வரியும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

அடுத்தது பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. நிரந்தர ஊழியருக்கு ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 5 ஆண்டு முடிந்தால்தான் அது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் ஒரு வருடத்துக்கான தொகை வரும். உங்களுக்கு அது 8,653 ரூபாய் சொச்சம், ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 43,000. அதற்கு இன்னும் ஒன்பதே மாதம் பாக்கி. நாலு வருடமும் ஐந்தாவது வருடத்தில் 240 நாளும் இருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த 240 நாளில் எது சேரும் எது சேராது என்று நிறுவனம் மல்லுக்கு நின்றால் நீங்கள்தான் அலைய வேண்டும். வழக்குப் போட்டு வாங்குவதைவிட ஒன்பது மாதம் முடித்துவிட்டு வாங்குவது சுலபம். கையெழுத்துப் போட்ட ராஜினாமாக் கடிதம் ஏதாவது மேஜையில் இருந்தால் இப்போதே கிழித்துவிடுங்கள்.

இப்போது அந்த "பெர்மனென்ட் ஆக்கிவிடுவார்கள்". எத்தனை வருடமாக இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. 2006 ஏப்ரலில் கர்நாடக அரசுக்கும் உமாதேவிக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: முறையான தேர்வு இல்லாமல் தற்காலிகமாகச் சேர்ந்தவருக்கு, இத்தனை வருடம் இருந்தேன் என்பதாலேயே நிரந்தரம் கேட்கும் உரிமை கிடையாது. ஏஜென்சி மூலம் போகிற நீங்கள் அந்த அலுவலகத்தின் தற்காலிக ஊழியர்கூட இல்லை, ஏஜென்சியின் ஊழியர். உங்கள் பெயர் அந்த அலுவலகத்தின் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பிறகு யார் உங்களை நிரந்தரமாக்குவது? அரசு அலுவலகத்தில் நிரந்தரம் என்றால் அதற்கு டி.என்.பி.எஸ்.சி. மாதிரித் தேர்வு எழுதிப் போகிற வழி இருக்கிறது, அந்த வழியில் டெபாசிட் வாங்க ஆள் நிற்பதில்லை.

2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் நிரந்தரமாக்கச் சொன்னதே என்று அந்த ஏஜென்சிக்காரரே உங்களிடம் காட்டலாம். அது நல்ல தீர்ப்பு. மத்திய நீர் ஆணையத்தில் பத்து இருபது வருடம் துப்புரவு வேலையும் தோட்ட வேலையும் பார்த்தவர்களை ஒரே நாளில் வெளியே அனுப்பினார்கள், உமாதேவி தீர்ப்பையே ஊழியருக்கு எதிரான ஆயுதமாக்கக் கூடாது என்று நீதிமன்றம் கண்டித்தது. ஆனால் அவர்கள் அதற்காக எத்தனை வருடம் கோர்ட் வாசலில் நின்றார்கள் என்று பாருங்கள். அரசே வருடக்கணக்காக நடக்கும் வேலைக்கு 11 மாத ஆள் எடுக்கிறது, தொழிலாளர் சட்டத்தை மற்றவர்களுக்குப் போதிக்க வேண்டிய இடத்திலேயே இந்தப் பழக்கம் என்றால் வேறு யாரிடம் போய் முறையிடுவது? எனக்கு இதில் ஆற்றாமை அதிகம்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொட்டினார். ஒன்பது அடையாள அட்டைகள். ஒவ்வொன்றிலும் கயிற்றின் நிறம் வேறு, ஏஜென்சி பெயர் வேறு, போட்டோவில் முடி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்திருந்தது. பதினொரு வருடம் ஒரே அறை, ஒரே நாற்காலி, ஒரே கணினி. டெண்டர் மாறும்போதெல்லாம் ஏஜென்சி மாறியது, ஏஜென்சி மாறும்போதெல்லாம் அவருடைய சர்வீஸ் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. ஒரு ஏஜென்சியிலும் ஐந்து வருடம் இல்லை, அதனால் பணிக்கொடை இல்லை. பி.எஃப். நாலு எண்களில் சிதறிக் கிடந்தது. ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஆதாரிலோ அப்பா பெயர் முழுதாக. நம் ஊரில் பாதிப் பேருக்கு இனிஷியல் இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தும் அந்தப் பெயர்த் திருத்தத்துக்கு ஆளை அலைய விட்டார்கள். இதைச் சரிசெய்யவே அவருக்கு ஏழு மாதம் ஆனது.

சரி, கான்ட்ராக்ட் என்றாலே ஆகாதா என்றால், ஒரு வகை இருக்கிறது, அதை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். குறித்த கால ஊழியர் என்று ஒரு பிரிவு உண்டு. யாரிடம் வேலை பார்க்கிறீர்களோ அந்த நிறுவனமே, நடுவில் எந்த ஏஜென்சியும் இல்லாமல், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை என்று உங்களோடு நேரடியாக எழுத்தில் ஒப்பந்தம் போடுவது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி இவர்களுக்குப் பணிக்கொடை பெற ஐந்து வருடம் தேவையில்லை, ஒரு வருடம் போதும். நேரடி ஒப்பந்தமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நியமனக் கடிதத்தின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது, சம்பளம் யாருடைய கணக்கிலிருந்து வருகிறது, பி.எஃப். எந்த நிறுவனத்தின் எண்ணில் கட்டுகிறார்கள், இந்த மூன்றையும் பாருங்கள். மூன்றிலும் ஒரே பெயர், அது நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயர் என்றால் சரி. ஒன்றில் ஏஜென்சி பெயர் வந்தாலும் நீங்கள் ஏஜென்சியின் ஆள்தான், கழுத்தில் எந்த அட்டை தொங்கினாலும். அப்புறம் காலத்தைப் பாருங்கள். 12 மாதமா, 11 மாதமா? அந்த ஒரு மாதத்தை யாரும் மறதியில் விடுவதில்லை. உங்களுக்கு வந்திருப்பது ஏஜென்சி வழி, அதுவும் 11 மாதம், ஆகவே இந்தச் சலுகை உங்களுக்குப் பொருந்தாது.

ஒன்பது மாதம் எப்படித் தாங்குவது என்று கேட்பீர்கள். வயிற்றைக் கலக்கும் அளவுக்கு வந்திருக்கிறது என்றால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறு பிரிவுக்கோ கிளைக்கோ மாற்றம் கேட்டு மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், வாயால் கேட்க வேண்டாம். மேனேஜர் கத்துகிற நாளில் தேதி, நேரம், யார் இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள். இந்த வேலையில் இருந்துகொண்டே இன்னொரு நிரந்தர வேலை தேடுங்கள், நாலு வருடக் கணக்கு அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. அப்படி நல்லதாக ஒன்று நடுவிலேயே கிடைத்தால் 43,000-த்துக்காக அதை விட வேண்டாம். விலகும்போது நோட்டீஸ் காலத்தை முடித்து, பணி விடுவிப்புக் கடிதம் கையில் வாங்கிய பிறகே வெளியே வாருங்கள். பி.எஃப். பணத்தை எடுக்காமல் புதிய இடத்துக்கு மாற்றுங்கள், பத்து வருட சர்வீஸ் சேர்ந்தால்தான் அதில் ஓய்வூதியம்.

கடைசியாக, எனக்கு அதிகக் கவலை தருவது உங்கள் சான்றிதழ்கள். சரிபார்ப்பதற்கு அசலைக் கண்ணால் பார்த்து நகலை வைத்துக்கொண்டால் போதும், அசலை வைத்துக்கொள்ள எந்த ஏஜென்சிக்கும் உரிமையில்லை. அதைப் பிடியாக வைத்துத்தான் டெபாசிட் கேட்பார்கள், பிறகு வேலையை விடுகிறேன் என்றாலும் அதற்கு ஒரு தொகை கேட்பார்கள். நாளைக்கே வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். போவதற்கு முன்பே, "சரிபார்ப்பதற்காக இன்ன தேதியில் தந்த இன்னின்ன அசல் சான்றிதழ்களை நாளை வாங்கிக்கொள்கிறேன்" என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள், கொடுத்ததற்கு அதுவே சாட்சி. வேலைக்கு வரவில்லை என்ற பேச்சைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு எடுங்கள். தர மறுத்தால் அங்கே நின்று வாக்குவாதம் செய்யாமல் நேராகக் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, மனு ஏற்புச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.