அபுதாபியின் சர் பனி யாஸ் தீவிலுள்ள பழைய கிறிஸ்தவத் துறவியர் மடம்: கேள்வி பதில்

கேள்வி: துபாயில் இருக்கிறேன் சார். காலையில் காரில் கிளம்பி, பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்பலாமா?

பதில்: அந்தத் திட்டம் ஒத்துவராது. அபுதாபி நகரிலிருந்து ஜெபல் தன்னா படகுத்துறைக்கே சுமார் 240 கி.மீ. துபாயிலிருந்து என்றால் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு படகு. வனவிலங்குகள் திரியும் தீவு என்பதால் இஷ்டப்படி சுற்ற முடியாது. விடுதி வண்டியில் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். அறை போடும்போதே படகு நேரத்தையும் மடத்துக்கான சுற்றையும் சேர்த்துக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

கேள்வி: படங்களில் குட்டைச் சுவர்தானே தெரிகிறது? அதில் பார்க்க என்ன இருக்கிறது அண்ணா?

பதில்: முதலில் கிழக்கு எது என்று கேளுங்கள். மடத்துத் தேவாலயத்தின் பீடம் அந்த முனையில்தான். அங்கிருந்து பார்த்தால் நடுக்கூடமும் அதன் இருபுறத்து ஒடுக்கமான கூடங்களும் தானாகப் பிடிபடும். சுற்றிலும் துறவிகளின் அறைகள். 7, 8-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கல்லும் பவளக்கல்லும் வைத்துக் கட்டிச் சுதை பூசியது. 1992-இல் கண்டறிந்தார்கள். கிறிஸ்தவ மடம் என்று உறுதியானது சுதைச் சிலுவைகளால்தான். அவை துண்டுகளாகக் கிடைத்தவை, சுவரில் தேடாதீர்கள்.

கேள்வி: இஸ்லாம் வந்ததும் இடித்துவிட்டார்களா?

பதில்: இல்லை. இடித்த தடயமே கிடையாது. இஸ்லாம் பரவிய பிறகும் மடம் நடந்தது. 8-ஆம் நூற்றாண்டில் கைவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கேள்வி: எந்தச் சபையார்? நம் பக்கம் ஏதாவது தொடர்பு உண்டா?

பதில்: கிழக்குத் திருச்சபை, அதாவது பாரசீகத்தில் வேரூன்றிய பழைய சிரியாக் கிறிஸ்தவ சபை. பாரசீக வளைகுடாக் கரையோரம் அவர்களுக்குப் பல மடங்கள் இருந்தன. சென்னை பரங்கிமலையில் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து பொறித்த கல்சிலுவை இருக்கிறதே, அதுவும் இந்த மரபுதான். தீவில் மடத்துக்குப் பக்கத்து வீடுகளில் தோண்டியபோது கிடைத்து 2025-இல் அறிவிக்கப்பட்ட சுதைச் சிலுவையின் அடியில் படிகளும் இலைகளும் உண்டு. பரங்கிமலைச் சிலுவையைப் பார்த்தவருக்கு அது அந்நியமாகத் தெரியாது.

கேள்வி: மேலே கூரை போட்டுப் படத்தைக் கெடுத்துவிட்டார்களே?

பதில்: படம் போனால் போகட்டும்! கடற்காற்றின் உப்பு ஈரத்தோடு சுதைக்குள் இறங்கும். காயும்போது அது படிகமாகிப் பருக்க, பூச்சு பொரிந்து உதிரும். அதைத் தடுக்கத்தான் 2019-இல் கூரையோடு திறந்தார்கள். சுவரில் உட்காருவது, கையை ஊன்றுவது வேண்டாம்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்?

பதில்: நவம்பர் முதல் மார்ச் வரை. மூடிய காலணி, தொப்பி, தண்ணீர் போதும். ட்ரோனை அனுமதியில்லாமல் பறக்கவிடாதீர்கள்.