ரீலின் (மூளை செல்லுங்க வெளிய சுரக்கிற பெரிய புரோட்டீன்) வெஸ்டர்ன் பிளாட்ல 180 கிலோடால்டன் பேண்ட் மட்டும் வருது, மேல காலி - பதில்

நீங்க புரோட்டீன அளவு வாரியா பிரிக்க 10 சதவீத ஜெல் ஓட்டி, செமி-ட்ரைல (பஃபர்ல முக்காம, நனைச்ச தாளுங்களுக்கு நடுவுல வெச்சு) அரைமணி மெம்ப்ரேனுக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணிட்டு 400 பேண்ட் காணோம்னு கேக்குறீங்க, வராதுங்க, எப்படி வரும், முழு ரீலின் கிட்டத்தட்ட 400 கிலோடால்டன் (புரோட்டீன் எடையோட அளவு), அவ்வளவு அடர்த்தியான ஜெல்லுக்குள்ள நுழையவே முக்கும். ஆன்டிபாடி மேல பழி போடாதீங்க. அது என்-முனைய, அதாவது புரோட்டீனோட தலைப்பக்கத்தப் பிடிக்கிற ஆன்டிபாடின்னா 180 வந்ததே அது வேலை செய்யுதுங்கறதுக்குத்தான் சாட்சி. அந்த 180 குப்பையும் இல்ல, ரீலின் செல்ல விட்டு வெளிய வந்தப்புறம் ரெண்டு இடத்துல வெட்டுப்படும், அதுல தலைப்பக்கத் துண்டு அது, தலைப்பக்க வெட்டு இல்லாம வால் மட்டும் வெட்டுப்பட்டுப் போனா 300 பக்கம் ஒண்ணு வரும்.

5 சதவீத ஜெல், இல்லன்னா 3-8 சதவீத ட்ரிஸ்-அசிடேட் (பெரிய புரோட்டீனுக்கான ரெடிமேட் ஜெல்) வாங்குங்க. வெட் டிரான்ஸ்ஃபர்தான் (தொட்டி பஃபர்ல முழுக்க முக்கி), கோல்ட் ரூம்ல ராத்திரி பூரா, பஃபர்ல மெத்தனால கொறச்சு. நானும் ஹெப்பால் பக்கம் ஒரு லேப்ல இதே கூத்துல மாட்டுனேன், மூணாவது தடவை சரியாப் போகும்போது நடுராத்திரி கரண்ட் போயிடுச்சு, பெங்களூர் மழை தெரியுமே, அதனால பவர் பேக்க யூபிஎஸ் பாயிண்ட்ல சொருகுங்க.

டிரான்ஸ்ஃபர் முடிஞ்ச ஜெல்ல தூக்கிப் போடாம கூமாஸி (புரோட்டீன நீலமாக்குற சாயம்) போட்டுப் பாருங்க, மேல கனமா நின்னுச்சுன்னா புரோட்டீன் அங்கயேதான் இருக்கு. வளர்ந்த எலின்னா கார்டெக்ஸோட (பெருமூளையோட மேலடுக்கு) சிறுமூளையும் ஒரு லேன் ஏத்துங்க, அங்க கிரான்யூல் செல்லுங்க ரீலின் நல்லா சுரக்கும். ரீலர் எலி (ரீலின் ஜீன் கெட்டுப்போன எலி) மூளை கெடச்சா, பேண்டே வரக்கூடாத நெகட்டிவ் கன்ட்ரோலுக்கு அதவிட வேற வேணாம்.