பிரதமருக்கே அபராதம்

கேள்வி: கொரோனா விதியை மீறியதற்காக நார்வே பிரதமருக்கே போலீஸ் அபராதம் போட்டதாமே, நிஜமா? - வாசகி, தேனி

பதில்: நிஜம்தான் அம்மா. 2021 பிப்ரவரியில் பிரதமர் ஏர்னா சூல்பர்க்கின் 60வது பிறந்தநாளுக்காக, யெய்லோ என்ற பனிமலை ஊரில் குடும்பத்தார் 13 பேர் உணவகத்தில் கூடினார்கள். அன்றைய வரம்பு 10 பேர். இத்தனைக்கும் அந்தச் சாப்பாட்டுக்கு அவர் போகவே இல்லை. கண் கோளாறால் மருத்துவமனையில் இருந்தார். ஆனாலும் ஏற்பாட்டில் அவருக்கும் பங்கு உண்டு என்றது போலீஸ். ஏப்ரலில் 20,000 குரோனர் அபராதம். கணவருக்குக்கூட அபராதம் இல்லை, அவருக்கு மட்டும்தான். கட்டுப்பாடுகளை நாட்டுக்கு அறிவித்து வந்தவரே அவர் என்பதுதான் காரணம். மன்னிப்புக் கேட்டார், பணத்தைக் கட்டினார். எனக்கு அந்தப் போலீஸ்மீது பெரிய மரியாதை.

நான் சுகாதார ஆய்வாளராக இருந்தவன். 2020இல் முகக்கவசம் இல்லாத ஒரு தள்ளுவண்டிக்காரருக்கு 200 ரூபாய் ரசீது போட்டேன். “பெரிய ஆளுங்ககிட்டயும் இப்படி வாங்குவீங்களா சார்?” என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. அன்றைக்கு என்னால் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை.