வார்சாவில் படிக்கும் மகன் பங்க் இசைக்குப் போகிறேன் என்றால்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. போலந்தின் தலைநகர் வார்சாவில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன், படிப்பை நிறுத்திவிட்டு பங்க் ராக் (வேகமும் எதிர்ப்புக் குரலும் கொண்ட முரட்டு ராக் இசை) குழுவில் கிட்டார் வாசிக்கப் போகிறேன் என்கிறான். "கஜிக் ஸ்டாஷெவ்ஸ்கியும் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவர்தான்" என்று சொல்லி உங்கள் வாயை அடைத்துவிடுகிறான். யார் அந்த மனிதர், அவரைக் காட்டி இவன் வாதாடுவது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவன் பொய் சொல்லவில்லை. கஜிக் 1963-இல் வார்சாவில் பிறந்த ராக் பாடகர், பாடலாசிரியர். வார்சா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கச் சேர்ந்தார், முடிக்கவில்லை. 1982-இல் அவர் தொடங்கிய 'குல்ட்' குழு நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் அரங்குகளை நிரப்பியது. போலந்தில் அவர் பெயர் தெரியாத வீடு குறைவு.

ஆனால் 1982 என்ற அந்த ஆண்டைக் கொஞ்சம் பாருங்கள். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் போலந்தின் அன்றைய கம்யூனிச அரசு இராணுவச் சட்டத்தை அறிவித்திருந்தது. பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் அரசின் கையில் இருந்தன. பாடல் வரிகள் தணிக்கை அலுவலகத்தின் முத்திரை பெற்றாக வேண்டும். தொழில்முறைக் கலைஞராகக் கச்சேரிக் கட்டணம் வாங்குவதற்கும் ஒரு தேர்வுக்குழு முன் வாசித்துத் தகுதி பெற வேண்டும். ராபர்ட் பிரிலெவ்ஸ்கியும் தோமாஷ் லிபின்ஸ்கியும் சேர்ந்து நடத்திய 'பிரிகாடா கிரிசிஸ்' என்ற குழு அந்த நெருக்கடிக்கு நடுவிலும் ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தது. விரைவிலேயே மேடையேற முடியாமல் போனது. குல்ட்டின் முதல் இசைத்தட்டு 1987-இல்தான் வந்தது. குழு தொடங்கி ஐந்து ஆண்டுகள்! யாரோச்சின் என்ற சிறு நகரத்தில் கோடைதோறும் நடந்த விழாதான் இப்படிப்பட்ட இளைஞர்களுக்கு இருந்த பெரிய வாசல்.

அந்தச் சமூகத்தில் பட்டம் பெற்றவர் பெரிதாகச் சம்பாதித்துவிடவும் இல்லை. பொறியாளரைவிடச் சுரங்கத் தொழிலாளி அதிகம் வாங்கிய காலம் அது. ஆகவே ஒரு வார்சா இளைஞர் சமூகவியலை விட்டபோது இழந்தது கொஞ்சம்தான். உங்கள் மகன் விடப்போவதோ நீங்கள் கல்விக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் படிப்பு. அது முடிந்தால் வார்சாவிலேயே நல்ல சம்பளத்தில் வேலை கிடைக்க வாய்ப்பிருக்கிறது. இருவரும் ஒரே காரியத்தைச் செய்வதுபோலத் தோன்றினாலும் கொடுக்கும் விலை வேறு. அவனிடம் பேசும்போது இதை முதலில் சொல்லுங்கள். இசை மட்டமானது என்று மட்டும் தொடங்காதீர்கள்; அத்துடன் அவன் காதை மூடிக்கொள்வான்.

இனி கஜிக்கின் உழைப்பைப் பார்ப்போம். மகன் இதையும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். கஜிக் ஒரே குழுவை நம்பி உட்காரவில்லை. 1991-இல் தனியாக ராப் பாணியில் ஓர் ஆல்பம் வெளியிட்டார். போலந்தில் அந்தப் பாணிக்கு அவர் முன்னோடிகளில் ஒருவர். அதே காலத்தில் இன்னும் கனமான இசைக்காக வேறொரு குழுவையும் நடத்தினார். அவருடைய தந்தை ஸ்டானிஸ்வாஃப் கட்டடக் கலைஞர், நாஜிகளின் மௌட்ஹவுசன் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர், பாட்டுக் கட்டுபவர். 1973-இல் பாரிசில் இறந்துபோனார். அந்தத் தந்தையின் பாடல்களைத் தேடியெடுத்து 1993-இல் குல்ட் ஒரு முழு ஆல்பமாக்கியது. பங்க் பக்கமே எட்டிப்பார்க்காத பெரியவர்களும் அதை வாங்கினார்கள். 2020 மே மாதத்தில், 57 வயதில், அவர் பாடல் ஒன்று பொது வானொலி நேயர்களின் வாக்கால் அமையும் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. ஆளுங்கட்சித் தலைவரைச் சீண்டிய பாடல் அது. வானொலி நிர்வாகம் அந்த வார வாக்கெடுப்பையே ரத்து செய்ய, நாடே அதைப் பற்றிப் பேசியது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். போலந்தில் 1918-இலிருந்து 'ஸைக்ஸ்' என்ற படைப்பாளர் சங்கம் இருக்கிறது. பாட்டு வானொலியில் ஒலித்தாலும் மேடையில் பாடப்பட்டாலும் உரிமைத்தொகை வசூலித்து, பாடல் வரி எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் கொடுக்கிறது. கஜிக் எழுதுகிறவர். உங்கள் மகன் எழுதுகிறானா, மற்றவர் எழுதியதற்கு வாசிக்கிறானா? வாசிப்பவன் மட்டும்தான் என்றால் கச்சேரி இல்லாத மாதத்தில் அந்த வழியாக வருமானம் வராது. போலிஷ் மொழியில் பாட்டெழுதும் அளவுக்கு அவனுக்கு மொழி வந்துவிட்டதா என்பதையும் கேளுங்கள். அந்த ஊர் பங்க் இசையின் உயிரே வரிகளில்தான் இருக்கிறது.

பங்க் இசைக்கு வந்த எல்லோரும் படிப்பை விட்டவர்களும் இல்லை. பொஸ்நான் நகரில் 1987-இல் 'பிட்ஜாமா போர்னோ' குழுவைத் தொடங்கிய கிஷிஷ்டோஃப் கிராபோவ்ஸ்கி அங்கே பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவர். இன்னொன்றையும் கவனியுங்கள். லிபின்ஸ்கியின் தந்தை நாடறிந்த கேலிச்சித்திரக்காரர். பிரிலெவ்ஸ்கியின் பெற்றோர் 'ஷ்லோன்ஸ்க்' நாட்டுப்புறக் கலைக்குழுவில் இருந்தவர்கள். கலை இவர்கள் வீட்டிலேயே புழங்கியது; சொந்த ஊர், சொந்த மொழி. உங்கள் மகன் அங்கே அயல்நாட்டவன். இதைச் சொல்லும்போது குரலைக் கடுமையாக்க வேண்டாம்.

கடைசியாக, எனக்கு அதிகக் கவலை தரும் விஷயம். அவன் போலந்தில் தங்கும் அனுமதி மாணவன் என்ற தகுதியைப் பொறுத்தது. பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கினால் அந்த அடிப்படையே போய்விடும், குழுவும் கிட்டாரும் அவனைக் காப்பாற்றாது. கோபத்தில் எந்தக் கடிதத்திலும் கையெழுத்திட வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். போலந்துப் பல்கலைக்கழகங்களில் துறைத்தலைமை அனுமதியோடு எடுக்கும் விடுப்பு உண்டு. ஆனால் அதை எடுத்தால் தங்கும் அனுமதி என்ன ஆகும் என்பதை வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் எழுத்துமூலம் கேட்டு, பதில் வந்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு வாசிக்க அவனுடைய அனுமதி இடம் தருகிறதா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.

பதில் வரும்வரை வார இறுதியில் வாசிக்கட்டும். செமஸ்டர் தேர்வை எழுதட்டும். அடுத்த முறை அவன் அழைக்கும்போது, குழு எத்தனை சொந்தப் பாடல்கள் வைத்திருக்கிறது, அவற்றில் இவன் பங்கு எது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவோம்.