அன்பான துணை இருக்கும்போது பிற உறவுகள் எதற்கு?

திருமணத்துக்குப் பின் நண்பர்களுடனான தொடர்பு குறைந்துவிட்டதாகவும், அன்பான துணை இருக்கும்போது வேறு உறவுகள் தேவைதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தேவை என்பதே என் பதில். துணையின் அன்பில் குறை இருப்பதால் அன்று. ஒருவருக்குள் இருக்கும் பல தன்மைகளையும் இன்னொருவர் மட்டுமே வெளிக்கொணர இயலாது என்பதால்.

பிறர் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நாம் கருதுவதிலிருந்தே நம்மைப் பற்றிய எண்ணம் உருவாகிறது என்று சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902-இல் எழுதினார். அலுவலகத்தில் பிறருக்கு வழிகாட்டும் பொறுப்பில் இருந்த நான், என் அண்ணனிடம் மட்டும் அறிவுரை கேட்டுக்கொள்ளும் தம்பியாகவே இருந்தேன். அவர் மறைந்தபோது அவரோடு சேர்ந்து அந்தத் தம்பியும் இல்லாமற்போனதைத்தான் தாங்க முடியவில்லை. என் மனைவி எவ்வளவோ ஆறுதலாக இருந்தார். ஆனால் அண்ணனின் இடத்தையும் அவரே நிரப்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவருக்கு இழைக்கும் அநீதியாகும்.

உடல்நலத்திலும் இது தெரிகிறது. உளவியலாளர் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் அவருடைய சகாக்களும் 148 ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், வலுவான சமூக உறவுகள் உள்ளோர் உயிர்வாழும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதில் பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு: தனியாக வசிக்கிறாரா, இல்லையா என்று மட்டும் பார்த்த அளவீடுகளில் உயிர்வாழும் வாய்ப்புடனான தொடர்பு மிகக் குறைவாகவும், பலவகை உறவுகளில் ஒருவர் எந்த அளவுக்கு இணைந்திருக்கிறார் என்று பார்த்த அளவீடுகளில் மிக அதிகமாகவும் இருந்தது. இத்தகைய ஆய்வுகள் காரணத்தை முற்றாக நிறுவுவதில்லை என்றாலும், வீட்டில் ஒருவர் உடன் இருப்பதோடு உறவுத்தேவை முடிந்துவிடுவதில்லை என்பதை இவை உணர்த்துகின்றன.

மேலோட்டமான அறிமுகங்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். தெரிந்தவர் வழியாக வேலை பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உதவியவர் எப்போதாவது மட்டும் சந்திக்கும் ஒருவரே என்று சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-இல் காட்டினார்; நெருங்கியவர்கள் அறிந்தவை பெரும்பாலும் நாமும் அறிந்தவையே.

ஓயாமல் இழிவுபடுத்தும் உறவும் நம்மை வடிவமைக்கவே செய்கிறது. வேறு எவரும் இல்லாதவர், அந்த ஒருவரின் மதிப்பீட்டையே உண்மை என்று நம்பிவிடும் ஆபத்து அதிகம். ஆகவே புண்படுத்தும் உறவுகளை எண்ணிக்கைக்காகச் சுமக்க வேண்டியதில்லை.

திருமணத்துக்கு முன் உங்களை நன்கறிந்த ஒரு நண்பரிடம் முதலில் பேசுங்கள். உங்கள் துணையிடமும் இதைப் பற்றிக் கேளுங்கள். அவருக்கும் விட்டுப்போன நட்புகள் இருக்கக்கூடும்.