மருந்து ஏற்றிய பிறகும் பாலில் திரி ஏன்?

கேள்வி: வெல்லாவெளியில் பால்மாடு வளர்க்கிறேன். ஈன்று இரண்டு கிழமையான கலப்பினப் பசுவுக்கு ஒரு காம்பில் மடிவீக்கம் வந்தது. காம்புக்குள் ஏற்றும் மருந்தை வைத்தியர் சொன்னபடி போட்டு முடித்தோம். வீக்கம் வற்றிவிட்டது; பால் மட்டும் இன்னும் திரிதிரியாக வருகிறது. வெள்ளை அணுக்களைக் கூட்டும் ஊசி இருக்கிறதாமே, போடலாமா ஐயா?

பதில்: வேண்டாம், தம்பி. நீங்கள் காணும் திரியில் பெரும்பகுதி, கிருமியோடு மோதி மடிந்த வெண்குருதிக் கலங்களும் (நீங்கள் சொல்லும் வெள்ளை அணுக்கள்) உறைந்த பாற்புரதமும்தான்.

இந்தக் கலங்களில் முன்வரிசையில் நிற்பது நடுநிலைநாடி (நியூட்ரோபில்) என்னும் வகை. குருதியில் அதன் ஆயுள் ஒரு நாள்கூட இல்லை. பக்டீரியா மடிக்குள் புகுந்ததும் அங்குள்ள கலங்கள் சைற்றோகைன் என்னும் செய்தி மூலக்கூறுகளைச் சுரக்கின்றன. அவற்றில் சில நடுநிலைநாடிகளை மடிக்கு இழுக்கின்றன. சில அவற்றின் இறப்பைத் தள்ளிப்போடுகின்றன. சுகமான மடியின் பாலில் மில்லிலீற்றருக்கு 2 இலட்சத்துக்குள் இருக்கும் கலங்கள் பல மில்லியனாக ஏறுவது இப்படித்தான். கிருமி ஒழிந்ததும் இந்தச் செய்தி அடங்க வேண்டும். கலங்கள் ஒழுங்காக மடிய, பெருந்தின்கலங்கள் அவற்றை விழுங்கித் துப்புரவாக்கும். அடங்காவிட்டால் தேங்கி நிற்கும் கலங்கள் உடைந்து, அவற்றின் நொதியங்கள் பால் சுரக்கும் இழையத்தையே அரித்துவிடும். ஆகவே கலங்கள் கூடக்கூட நல்லது என்று எண்ண வேண்டாம்.

சாணத்தில் இருந்து வரும் ஈ.கோலை என்றால் சைற்றோகைன் பெருகும், காய்ச்சல் கொதிக்கும். மாடு தப்பினால் பெரும்பாலும் விரைவில் தெளியும். ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் வேறு ரகம். எதிர்ப்பை மந்தமாகவே எழுப்பும். விழுங்கிய கலத்துக்குள்ளேயே உயிரோடு ஒளிந்திருக்கும். மருந்தும் அங்கே சரியாக எட்டாது. திரி நீடித்தால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

நீங்கள் கேள்விப்பட்டது பெக்போவிகிராஸ்டிம் ஆக இருக்கலாம். ஈனுவதற்கு ஒரு கிழமை முன்பும் ஈன்று 24 மணித்தியாலத்துக்குள்ளும் போடும் தடுப்பு ஊசி அது. வந்த நோய்க்கு மருந்தன்று.

அடுத்த மருந்துக்கு முன் காம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, முதற்பீச்சை ஒரு பாத்திரத்தில் விட்டு அப்புறப்படுத்திவிட்டு, கிருமி நீக்கிய போத்தலில் பால் எடுத்து, ஐஸில் வைத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்பதைப் பரிசோதனை சொல்லும். அதுவரை இந்தப் பசுவைக் கடைசியாகக் கறங்கள். மருந்துப் பெட்டியில் குறித்த நாட்கள் கழியும்வரை பாலைத் தயிர்ச் சட்டியில் சேர்க்க வேண்டாம். மருந்து கலந்தால் உறை பிடிக்காது, வாடிக்கையாளர் உங்களைத்தான் ஏசுவார்.