கேள்வி – பதில்: வானொலியிலிருந்து திரைக்கு வந்த டிக் பார்ட்டன்

கேள்வி: இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனின் சிறு படநிறுவனங்கள் வானொலித் துப்பறியும் தொடர்களையே தேடிப் பிடித்துப் படமாக்கியது ஏன்?

பதில்: புதிய கதாபாத்திரம் ஒன்றை மக்களுக்கு அறிமுகப்படுத்தும் செலவு அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, வானொலி அந்த வேலையை ஏற்கெனவே முடித்து வைத்திருந்தது. பி.பி.சி.யின் லைட் புரோகிராம் என்ற பொழுதுபோக்கு ஒலிபரப்பில் 1946 அக்டோபரில் தொடங்கிய துப்பறியும் தொடரான ‘டிக் பார்ட்டன்’, வார நாள்களில் மாலை 6.45 மணிக்குப் பதினைந்து நிமிடம் ஒலிபரப்பாகி, உச்சத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேரைத் தன்பால் ஈர்த்தது. அந்தப் பெயர் சுவரொட்டியில் இருந்தாலே கொட்டகைக்குக் கூட்டம் வரும் என்று கணக்கிட்ட ஹேமர் நிறுவனம், 1948இல் முதல் பார்ட்டன் படத்தை வெளியிட்டது. பால் டெம்பிள் என்ற வானொலித் துப்பறிவாளரும் அதே காலத்தில் வேறொரு நிறுவனத்தின் வழியாகத் திரைக்கு வந்தார்.

சட்டமும் துணை நின்றது. திரையரங்குகள் குறிப்பிட்ட பங்கு உள்நாட்டுப் படங்களைத் திரையிட வேண்டும் என்ற விதி 1927 முதலே இருந்தது. 1948இல் முதன்மைப் படங்களுக்கான பங்கு 45 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஒரே காட்சியில் இரண்டு படங்கள் காட்டப்பட்ட அந்நாளில், துணைப்படங்களுக்கும் தனி ஒதுக்கீடு இருந்ததால், குறைந்த செலவில் எடுக்கப்பட்ட எழுபது நிமிடப் படத்துக்குச் சந்தை உறுதியாக இருந்தது.

கேள்வி: வானொலியில் இருந்த விறுவிறுப்பு படத்தில் இல்லையே! பணப் பற்றாக்குறைதான் காரணமா?

பதில்: பணம் ஒரு காரணம், ஆனால் அதையே முதற் காரணமாகச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. சார்லஸ் வில்லியம்ஸின் ‘டெவில்ஸ் காலப்’ இசை பாய்ந்தோடித் தொடங்க, ஒவ்வொரு மாலையும் பார்ட்டனை ஏதேனும் ஓர் ஆபத்தில் நிறுத்திவிட்டு நிகழ்ச்சி முடிந்துவிடும். அவர் தப்பினாரா என்று மறுநாள் மாலைவரை மனத்துக்குள் கதை வளர்த்துக்கொண்டிருந்தவர் கேட்பவரேதாம். அந்தக் காத்திருப்பு தொடரின் பாதி உயிர். படத்திலோ ஆபத்தும் விடுதலையும் அடுத்தடுத்த நிமிடங்களில் வந்து போய்விடுகின்றன. மேலும், ஓர் எதிரொலியைக் கொண்டே வானொலி எழுப்பிக் காட்டிவிடும் நிலவறையைத் திரைக்காக அட்டையிலும் மரத்திலும் கட்டியாக வேண்டும். கட்டியது பலவீனமாக இருந்தால் கண் உடனே கண்டுகொள்ளும். வானொலியில் பார்ட்டனாக நடித்த நோயல் ஜான்சனின் குரலில் பழகியவர்கள், திரையில் டான் ஸ்டானர்டின் முகத்தோடும் குரலோடும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது என்பதையும் மறக்கலாகாது.

அதே சமயம், படப்பிடிப்பு அரங்கை விட்டு வெளியிடங்களுக்குச் செல்லும்போது இப்படங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. ‘டிக் பார்ட்டன் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ (1949) படத்தின் இறுதி மோதல் இங்கிலாந்தின் கடற்கரை நகரான பிளாக்பூலில் உள்ள 158 மீட்டர் உயரக் கோபுரத்தில் நடக்கிறது. அந்த உண்மையான இரும்புச் சட்டங்களும் உயரமும் தரும் அச்சத்தை எந்த ஒலிக் கலைஞராலும் தந்திருக்க முடியாது. காசில்லாத படக்குழு நல்ல இடத்தைத் தேர்ந்தெடுத்தே பெரிய படங்களுக்கு ஈடுகொடுக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அக்காலத் துணைப்படங்களில் கண்டதில்லை.

கேள்வி: மூன்று படங்களோடு வரிசை நின்றுபோனது ஏன்?

பதில்: ஸ்டானர்ட் 1949 ஜூலையில் கார் விபத்தில் இறந்தார், முன்பே எடுத்து முடித்திருந்த ‘டிக் பார்ட்டன் அட் பே’ அவருடைய மறைவுக்குப் பின் 1950இல் வெளிவந்தது. ஹேமர் நிறுவனம் பி.சி. 49 என்ற காவலர், டாக்டர் மோரெல் முதலிய பிற வானொலிப் பாத்திரங்களை நாடியதோடு, ஸ்டுடியோ வாடகையை மிச்சப்படுத்த நாட்டுப்புற மாளிகைகளையே படப்பிடிப்புத் தளமாக்கிக்கொண்டது. வானொலித் தொடர் 1951இல் முடிந்தது. அதை எழுதிவந்த எட்வர்ட் ஜே. மேசனும் ஜெஃப்ரி வெப்பும் ‘தி ஆர்ச்சர்ஸ்’ என்ற கிராமத்துத் தொடருக்கு எழுதத் தொடங்கியிருந்தார்கள். மூன்றில் ஒன்றை மட்டுமே பார்க்க நேரமுள்ளவர்கள் பிளாக்பூல் கோபுரம் வரும் படத்தையே பார்க்கவும்.